குடல் அழற்சி நோய்க்குத் தாவரச் சேர்மங்கள்: எதை, யாருக்கு, எந்த மருந்துடன்?

என் தங்கைக்குப் பெருங்குடல் புண்நோய் என்று உறுதியான நாளிலிருந்து எங்கள் வீட்டு அலமாரியில் மருந்துகளுக்குப் பக்கத்தில் தாவரப் பொருள்களும் சேரத் தொடங்கின. மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் மாத்திரையை ஒருவர் கொடுத்தார். கற்றாழைச் சாற்றை இன்னொருவர் வாங்கிவந்தார். நிலவேம்புப் பொடியை மூன்றாமவர் அனுப்பிவைத்தார். எல்லாம் அன்போடு வந்தவைதாம். ஒவ்வொன்றோடும் அதனால் குணமான யாரோ ஒருவரின் கதையும் சேர்ந்து வந்தது. ஒருநாள் அவள் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "அண்ணா, இதில் எதைத்தான் நான் சாப்பிடுவது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடி, மனிதர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளைப் படித்து, புரியாத இடங்களை அவளுடைய மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்ததையே இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இதே கேள்வியோடு மருத்துவர் முன் உட்காரப்போகிறவருக்கு இது ஒரு முன்தயாரிப்பாக அமைந்தால் போதும்.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குடல் அழற்சி நோய் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறுபட்ட நோய்கள் இருக்கின்றன. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண்நோய் மலக்குடலில் தொடங்கி, பெருங்குடலின் உள்சவ்வு வழியாக இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவுகிறது. சவ்வைத் தாண்டி ஆழமாக இறங்குவது அரிது. மற்றொன்று, 1932-இல் நியூயார்க்கில் பர்ரில் குரோனும் அவருடைய சக மருத்துவர்கள் இருவரும் விவரித்ததால் குரோன் நோய் என்று பெயர்பெற்றது. அது வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்திலும், விட்டுவிட்டு, குடற்சுவரின் முழுத் தடிமனையும் தாக்கக்கூடியது. குடல் சுருங்கிப்போவதும், ஃபிஸ்டுலா எனப்படும் புரைவழி உண்டாவதும் அதனால்தான். இந்த வேறுபாடு வெறும் பெயர்ப் பிரச்சினை அன்று. இரத்தத்தில் கலக்காமல் குடலுக்குள்ளேயே தங்கிவிடும் ஒரு தாவரச் சேர்மம் பெருங்குடலின் மேற்சவ்வை நேராகத் தொட்டு வேலை செய்ய முடியும். சுவரின் ஆழத்தில் நடக்கும் அழற்சியை அது எட்டுவது கடினம். கீழே வரும் நல்ல செய்திகளில் ஏறக்குறைய எல்லாமே முதல் நோயைப் பற்றியவையாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, எதை வைத்து அளப்பது என்பது. வயிற்றுவலி குறைந்தது, மலம் கழிக்கும் தடவைகள் குறைந்தன, பசி எடுத்தது என்பவை நோயாளிக்கு மிகப் பெரிய விஷயங்கள். ஆனால் அவை குறைந்ததாலேயே புண் ஆறிவிட்டதாகச் சொல்ல முடியாது. புண் ஆறியதா என்பதைக் குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும், மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தின் அளவும் சொல்கின்றன. வெள்ளணுக்கள் குடற்சவ்வுக்குள் திரளும்போது வெளிவரும் இந்தப் புரதம் ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் பொதுவாக இயல்பு என்று கொள்ளப்படுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும் தன்மையுடையது. இன்ஃப்ளிக்சிமாப் என்ற வலிமையான ஊசிமருந்தைப் பெருங்குடல் புண்நோய்க்குச் சோதித்த, 2005-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், எட்டாவது வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 69 விழுக்காட்டினருக்கு நோய் குறைந்தது. மருந்தே இல்லாத போலி ஊசி பெற்றவர்களிலும் 37 விழுக்காட்டினருக்குக் குறைந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த ஊசிமருந்து இல்லாமலேயே தேறுகிற ஒரு நோயில், "அவருக்குக் குணமானது" என்ற ஒற்றைக் கதைக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை இந்த 37 என்ற எண்ணே காட்டிவிடுகிறது. ஆகவே போலி மாத்திரையோடு ஒப்பிட்டு மனிதர்களிடம் சோதிக்கப்பட்டதா என்பதே என் முதல் சல்லடை.

அந்தச் சல்லடையில் பெரும்பாலான சேர்மங்கள் விழுந்துவிடுகின்றன. தாவரச் சேர்மம் ஒன்று குடல் அழற்சியைத் தணித்தது என்று வரும் செய்திகளில் பெரும்பகுதி எலிகளைப் பற்றியவை. டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம் என்ற வேதிப்பொருளைக் குடிநீரில் கலந்து சுமார் ஒரு வாரம் கொடுத்தால் எலியின் பெருங்குடல் உள்சவ்வு அரிக்கப்பட்டு இரத்தப்போக்கு வரும். அந்த நீரை நிறுத்தினால் சில நாள்களில் சவ்வு தானாகவே வளர்ந்து மூடத் தொடங்கும். பல ஆய்வுகளில் சோதிக்கப்படும் சேர்மத்தை அந்த வேதிப்பொருளோடு கூடவே, சிலசமயம் அதற்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் நோயோடு வாழும் மனிதரின் நிலை அதுவன்று. குவர்செட்டின், பெர்பெரின், ரெஸ்வெரட்ரால் போன்ற பெயர்களை விளம்பரங்களில் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவற்றில் சிலவற்றுக்கு மனிதர்களிடமும் சிறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன; ஒரு முடிவெடுக்கும் அளவுக்கு அவை வளரவில்லை.

மனிதர்களிடம் அதிகம் சோதிக்கப்பட்டது குர்குமின்தான். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் இந்தச் சேர்மம், அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப். கப்பா-பி என்ற புரதத்தை அடக்குகிறது. ஜப்பானில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நோய் தணிந்த நிலையில் இருந்த 89 பேர் தாங்கள் வழக்கமாகச் சாப்பிடும், குடல் அழற்சியைத் தணிக்கும் மருந்துகளான சல்ஃபாசலசின் அல்லது மெசலமைனோடு நாளுக்கு 2 கிராம் குர்குமினோ போலி மாத்திரையோ ஆறு மாதம் சாப்பிட்டார்கள். குர்குமின் பெற்று ஆய்வை முடித்த 43 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியது; மற்ற பக்கத்தில் 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. நோய் சீறியிருந்த காலத்துக்கான ஆய்வு 2015-இல் வந்தது. மெசலமைனை முழு அளவில் இரண்டு வாரம் கொடுத்தும் தணியாத, இலேசானது முதல் மிதமானது வரையான நோயுள்ள 50 பேருக்கு, அந்த மெசலமைனை நிறுத்தாமலேயே நாளுக்கு 3 கிராம் குர்குமினோ போலி மாத்திரையோ ஒரு மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள். குர்குமின் பெற்ற 26 பேரில் 14 பேருக்கு அறிகுறிகள் தணிந்தன. போலி மாத்திரை பெற்ற 24 பேரில் ஒருவருக்கும் தணியவில்லை. குடலுக்குள் பார்த்தபோதும் வேறுபாடு தெரிந்தது. இது சிறிய ஆய்வுதான். 24 பேரில் ஒருவருக்குக்கூடத் தணியவில்லை என்பது, தானாகவே ஏறி இறங்கும் இந்த நோயில், வழக்கத்துக்கு மாறானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குர்குமினின் பலன் அந்த ஆய்வு காட்டியதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதைத் தில்லியில் நடந்து 2017-இல் வெளியான இன்னொரு ஆய்வு உணர்த்துகிறது. அதில் மெசலமைனோடு நாளுக்கு 450 மில்லிகிராம் குர்குமின் மட்டுமே கொடுக்கப்பட்டது. போலி மாத்திரையைவிட அது எந்த வகையிலும் மேலாக இல்லை. 3 கிராமுக்கும் 450 மில்லிகிராமுக்கும் இடையிலான இந்தத் தூரம்தான் எங்கள் மேசையில் இருந்த குப்பியின் கதையும். அதன் முன்பக்கத்தில் "மஞ்சள் 1000 மில்லிகிராம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கத்துச் சிறிய எழுத்தை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் படித்தோம்: ஒரு மாத்திரையில் 950 மில்லிகிராம் வெறும் மஞ்சள்தூள், 50 மில்லிகிராம் மட்டும் 95 விழுக்காடு குர்குமினாய்டு (குர்குமினும் அதன் வகைச் சேர்மங்களும்) கொண்ட சாறு. சாற்றிலிருந்து கிடைப்பது 47.5 மில்லிகிராம். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் இருக்கும் என்பதால், அதிலிருந்து இன்னும் ஒரு 28 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வில் கொடுத்த 3 கிராமை எட்ட வேண்டுமானால் என் தங்கை நாளுக்கு 40 மாத்திரைகள் விழுங்க வேண்டும். உணவில் சேர்க்கும் மஞ்சள்தூளை நம்பினாலோ நாளுக்கு 100 கிராம் தின்ன வேண்டியிருக்கும். மஞ்சள் நல்லது என்ற பொதுப்பேச்சும் ஆய்வில் பலன் தந்த குர்குமினும் ஒன்றல்ல என்பதை இந்தக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான் நாங்கள் புரிந்துகொண்டோம்.

அதே குப்பியில் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினும் சேர்க்கப்பட்டிருந்தது, அது கூடுதல் பலனாகவும் விளம்பரப்படுத்தப்பட்டிருந்தது. குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். 20 மில்லிகிராம் பைப்பரினோடு 2 கிராம் குர்குமின் கொடுத்தால் அது இரத்தத்தில் சேர்வது பல மடங்கு கூடுகிறது என்பது 1998-இலேயே மனிதர்களிடம் காட்டப்பட்டது. மூட்டுக்கோ வேறு உறுப்புக்கோ அது உதவலாம். பெருங்குடலுக்கு மருந்து வேண்டியிருக்கும்போது, சேராமல் தங்குவதே நமக்கு வேண்டியது. மேலும், பைப்பரின் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் தடுக்கிறது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவரின் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு எதிர்பாராமல் ஏறிவிடக்கூடும். குர்குமினைப் பற்றிய கவலைகளில் முக்கியமானது கல்லீரல். அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளை ஆராயும் குழு 2022-இல் வெளியிட்ட தொகுப்பில், மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரில் 7 பேருக்கு ஒரே நோயெதிர்ப்பு மரபணு வகை இருந்தது. இது அரிதாக நடப்பது. ஆனால் யாருக்கு நடக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் தொடங்கும் முன்பும் சில வாரங்கள் கழித்தும் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்வது வீண்செலவு அன்று. பித்தப்பைக் கல் உள்ளவர்களும் இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

குரோன் நோயில் குர்குமினின் கணக்கு வேறு. அறுவை சிகிச்சையில் குடற்பகுதி நீக்கப்பட்டவர்களுக்கு நோய் திரும்பாமலிருக்க, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தான அசாதியோபிரினோடு நாளுக்கு 3 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு 2020-இல் வெளியானது. அதில் போலி மாத்திரையைவிடக் குர்குமின் உதவவில்லை. அதே அளவு, அதே சேர்மம், வேறு நோய்.

பலனின் வலிமையை மட்டும் பார்த்தால் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுவது அவுரி நீலம். அவுரி வகைச் செடிகளின் இலைகளை ஊறவைத்து எடுக்கும் கருநீலப் பொடியை, சீன மருத்துவத்தில் சிங் தாய் என்று அழைக்கிறார்கள். அதிலுள்ள இண்டிகோ, இண்டிருபின் ஆகியவை குடற்சவ்விலுள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியைத் தூண்டி, சவ்வைப் பழுதுபார்க்கும் இண்டர்லியூக்கின்-22 என்ற புரதத்தைச் சுரக்கச் செய்கின்றன. ஜப்பானில் 86 பெருங்குடல் புண்நோயாளிகளிடம் எட்டு வாரம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு அரை கிராம் பெற்றவர்களில் 69.6 விழுக்காட்டினருக்கும், 1 கிராம் பெற்றவர்களில் 75 விழுக்காட்டினருக்கும், 2 கிராம் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினருக்கும் நோய் குறைந்தது. போலி மாத்திரை பெற்றவர்களில் குறைந்தது 13.6 விழுக்காட்டினருக்கு மட்டுமே. ஒரு தாவரப் பொடி இப்படிப்பட்ட எண்களைக் காட்டுவதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த பத்தியைப் படித்ததும் அந்த மகிழ்ச்சி அடங்கியது. அந்த ஆய்வு திட்டமிட்டபடி முடிக்கப்படவில்லை. ஆய்வுக்கு வெளியே, தானாகவே இந்தப் பொடியை வாங்கிச் சாப்பிட்ட ஒருவருக்கு, நுரையீரலுக்குச் செல்லும் தமனிகளில் இரத்த அழுத்தம் ஏறும் கடுமையான நோய் வந்ததாகத் தெரிந்ததும், ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். 2016 டிசம்பரில் ஜப்பானின் சுகாதார அமைச்சகம் இது குறித்து எச்சரிக்கை விடுத்தது. நுரையீரல் தமனி அழுத்தம் தொடக்கத்தில் படியேறும்போது மூச்சு வாங்குவதாக மட்டுமே தெரியும். இரத்தப்போக்கால் சோகை பிடித்திருக்கும் குடல் நோயாளிக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கும். ஆகவே எதனால் என்று கண்டுபிடிக்காமலே நாள்கள் ஓடிவிடலாம். இதய எக்கோ பரிசோதனை செய்து தொடர்ந்து கவனிக்க முடியாத இடத்தில் இந்தப் பொடியைத் தொடுவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. குர்குமினையும் அவுரி நீலத்தையும் சேர்த்துக் கொடுத்து இஸ்ரேலிலும் கிரேக்கத்திலும் நடத்திய ஆய்வு 2024-இல் வெளிவந்தது. போலி மாத்திரையோடு ஒப்பிட்ட பகுதியில் இருந்தவர்கள் 42 பேர். அறிகுறிகளும் குறைந்து, பரிசோதனையிலும் அழற்சி குறைந்தது தெரிந்தவர்கள் ஒரு பக்கம் 43 விழுக்காடு, மறுபக்கம் 8 விழுக்காடு. குறுகிய காலத்துக்கு, மருத்துவக் கண்காணிப்பில் என்று வகுத்துக்கொண்டு போகும் இந்தப் பாதையில்தான் அவுரிக்கு எதிர்காலம் இருக்கிறது. மற்ற மருந்துகள் பலனளிக்காமல், அடுத்த படி அறுவை சிகிச்சைதான் என்ற இடத்தில் நிற்கிறவர் தம் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்பதில் தவறே இல்லை.

சாம்பிராணி மரத்தின் பிசினான பாஸ்வெல்லியாவின் கதை வேறு விதம். அதிலுள்ள பாஸ்வெல்லிக் அமிலங்கள், அழற்சியைத் தூண்டும் பொருள்களை உண்டாக்கும் 5-லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதியைத் தடுப்பதாக ஆய்வகத்தில் காட்டப்பட்டது. 1997-இல் வெளியான இந்திய ஆய்வில், பெருங்குடல் புண்நோயாளிகள் நாளுக்கு மூன்று வேளை 350 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் சாப்பிட்டதில் 82 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. சல்ஃபாசலசின் பெற்றவர்களில் 75 விழுக்காட்டினருக்குத் தணிந்தது. இன்றுவரை இந்த மாத்திரையை விற்பவர்கள் காட்டும் எண் இதுதான். ஆனால் அது சிறிய ஆய்வு. போலி மாத்திரையோடு ஒப்பிட்டதும் அன்று. குரோன் நோய் தணிந்த நிலையில் இருந்த 82 பேரிடம் ஓராண்டுக்குத் திட்டமிடப்பட்ட ஜெர்மானிய ஆய்வு, 2011-இல் வெளியானபோது, பிசின் பெற்றவர்களில் 59.9 விழுக்காட்டினரும் போலி மாத்திரை பெற்றவர்களில் 55.3 விழுக்காட்டினரும் தணிந்த நிலையிலேயே இருந்தார்கள் என்று காட்டியது. பெரிய தீங்கு எதுவும் தெரியவில்லை என்பது உண்மை, பலனும் தெரியவில்லை.

நிலவேம்பு எனக்கு அதிக ஏமாற்றம் தந்தது, ஏனென்றால் அது மிக ஒழுங்கான வழியில் சோதிக்கப்பட்டது. நிலவேம்பின் சாறு 224 பெருங்குடல் புண்நோயாளிகளிடம் எட்டு வாரம் சோதிக்கப்பட்டு 2013-இல் முடிவுகள் வந்தன. நாளுக்கு 1800 மில்லிகிராம் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்கும், 1200 மில்லிகிராம் பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை பெற்றவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் நோய் குறைந்தது. முழுவதும் தணிந்தவர்களின் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு இல்லை. சிலருக்குத் தோலில் தடிப்பு வந்தது. இதை நம்பித் தொடங்கப்பட்ட அடுத்த கட்டப் பெரிய ஆய்வு, 2014-இல் இடைக்காலக் கணக்கைப் பார்த்தபோது வெற்றிக்கு வாய்ப்பில்லை என்று கைவிடப்பட்டது. முதல் ஆய்வை மட்டும் படித்தவர் நிலவேம்பைப் பரிந்துரைப்பார். இரண்டாவதையும் படித்தவர் பரிந்துரைக்க மாட்டார். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் முதல் ஆய்வோடு நின்றுவிடுகின்றன.

நிக்கோட்டினும் தாவரச் சேர்மம்தான் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. புகைப்பிடிப்பவர்களுக்குப் பெருங்குடல் புண்நோய் குறைவாக வருகிறது என்ற கவனிப்பிலிருந்து, தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டைகளை 72 நோயாளிகளிடம் ஆறு வாரம் சோதித்து 1994-இல் வெளியிட்டார்கள். நிக்கோட்டின் பெற்ற 35 பேரில் 17 பேருக்கு முழுவதும் தணிந்தது; மற்ற 37 பேரில் 9 பேருக்குத் தணிந்தது. தணிந்ததைத் தக்கவைக்க அது உதவவில்லை, பக்கவிளைவுகளும் அதிகம், ஆகவே வழக்கமான மருந்தாக அது வரவில்லை. ஆனால் புகைப்பழக்கம் குரோன் நோயை மோசமாக்குகிறது. ஒரே செடி, இரண்டு நோய்களில் எதிரெதிர்த் திசை. குடலுக்கு நல்லது என்று பொதுவாக எழுதியிருக்கும் எந்தக் குப்பியையும் பார்க்கும்போது எனக்கு இந்தப் புகையிலை நினைவுக்கு வருகிறது.

கஞ்சாவைப் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. குரோன் நோயாளிகள் 21 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சா பெற்ற 11 பேரில் 10 பேருக்கு அறிகுறிகள் குறைந்தன, நன்றாகத் தூங்கினார்கள், பசியெடுத்தது. முழுவதும் தணிந்தவர்களின் கணக்கில் 11-க்கு 5, 10-க்கு 1 என்ற வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. வலி மறைந்து அழற்சி தொடர்ந்தால், குடல் சுருங்கும் வரை நோயாளிக்கே தெரியாமல் போகும் அபாயம் உண்டு. நான் இதைச் சிகிச்சையாக எண்ணவில்லை.

கற்றாழைச் சாற்றை நாளுக்கு இரு வேளை 100 மில்லிலிட்டர் வீதம் நான்கு வாரம் 44 பேரிடம் சோதித்தார்கள். 2004-இல் வந்த முடிவில் நோய் குறைந்தவர்கள் 47 விழுக்காடு, போலிச் சாறு குடித்தவர்களில் 14 விழுக்காடு. நல்ல தொடக்கம்தான், ஆனால் மிகச் சிறியது. தோலுக்கடியிலுள்ள மஞ்சள் பால் கலந்த கற்றாழை பேதியை உண்டாக்கும் என்பதால், வீட்டில் வெட்டி எடுப்பது இந்த நோயில் வேண்டாம்.

இசப்பகோலைச் சேர்மம் என்பதைவிட நார் என்றே சொல்ல வேண்டும். இருந்தாலும் அதை இந்த வரிசையிலிருந்து விட மனம் வரவில்லை. 1999-இல் வெளியான ஸ்பானிய ஆய்வில், நோய் தணிந்திருந்த 105 பெருங்குடல் புண்நோயாளிகளில் ஒரு பிரிவினர் நாளுக்கு இருமுறை 10 கிராம் இசப்பகோல் விதையும், ஒரு பிரிவினர் மெசலமைனும், மூன்றாம் பிரிவினர் இரண்டும் ஓராண்டு சாப்பிட்டார்கள். நோய் திரும்பியது முறையே 40, 35, 30 விழுக்காட்டினருக்கு. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்த நாரை நொதிக்கச் செய்து, குடற்சவ்வின் செல்களுக்கு உணவான பியூட்டிரேட்டை உண்டாக்குகின்றன என்பதே இதற்கான விளக்கம். அந்த ஆய்வில் மெசலமைனின் அளவும் குறைவாகவே இருந்தது என்பதால் இசப்பகோல் அதற்கு இணை என்று சொல்லத் துணியமாட்டேன். கூடவே சேர்த்துக்கொள்ள நல்லது என்று சொல்வேன். குரோன் நோயால் குடல் சுருங்கியவர்களுக்கு மட்டும் இது அடைப்பை உண்டாக்கக்கூடும்.

இவற்றை வழக்கமான மருந்துகளோடு எதிரெதிரே வைத்து ஒப்பிடுவது தவறான ஒப்பீடு என்பது எனக்குப் படிக்கப் படிக்கத்தான் விளங்கியது. மேலே சொன்ன, நல்ல முடிவு தந்த 2006, 2015 குர்குமின் ஆய்வுகளில் நோயாளிகள் தங்கள் வழக்கமான மருந்தை நிறுத்தவே இல்லை. அந்த எண்களைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்பவர், ஆய்வு சொல்லாத ஒன்றைச் சொல்கிறார். அதனால் தேர்வு என்பது இப்படி நிற்கிறது: இலேசானது முதல் மிதமானது வரையான பெருங்குடல் புண்நோய், மெசலமைன் முழு அளவில் கொடுத்தும் முழுவதும் அடங்கவில்லை, அடுத்த படியாக ஸ்டீராய்டைத் தொடங்கும் அவசரம் இன்னும் வரவில்லை என்ற நிலையில் குர்குமினைச் சேர்த்துப் பார்க்க நியாயமான ஆதாரம் இருக்கிறது. நாளுக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ மலம் இரத்தத்தோடு போகிறது, காய்ச்சல் இருக்கிறது, நாடித்துடிப்பு ஏறியிருக்கிறது என்றால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்; அங்கே எந்தத் தாவரத்துக்கும் இடமில்லை. குரோன் நோயில் நான் பார்த்த எந்தச் சேர்மமும் மருந்துக்கு மாற்றாகும் தகுதியைக் காட்டவில்லை, துணையாகும் தகுதியையும் உறுதியாகக் காட்டவில்லை. அங்கே புகைப்பழக்கத்தை விடுவது இந்தத் தாவர மாத்திரைகள் எதையும்விட உறுதியான பலன் தரும். கருவுற்றிருப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தளவுக் குர்குமினைப் பற்றிய தரவு போதாது.

வாங்கும் பொருளின் தரமும் இந்த ஒப்பீட்டின் ஒரு பகுதி. பெயர் தெரியாத மூலிகைப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. குடல் அழற்சி ஸ்டீராய்டுக்கு விரைவில் அடங்கும் என்பதால், அந்தப் பொடி அதிசயம் செய்ததாகவே நோயாளிக்குத் தோன்றும். திடீரென்று நிறுத்தும்போது உடல் தள்ளாடிப்போகும். செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மனச்சோர்வு மூலிகை குடல் அழற்சிக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின், டோஃபாசிடினிப் போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் எதைச் சாப்பிட்டாலும், குப்பியையே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரின் மேசையில் வைத்துவிடுவது சிறந்த வழி. திட்டுவாரோ என்று தயங்கி நாங்களும் ஓராண்டு அதைச் செய்யாமல் இருந்தோம். வைத்த அன்று அவர் திட்டவில்லை. பின்பக்கத்துச் சிறிய எழுத்தைத்தான் முதலில் படித்தார்.

அன்று மேசையில் இருந்த வரிசையில் கடைசியில் தங்கியவை இரண்டு. பைப்பரின் கலக்காத, ஒரு மாத்திரையில் எவ்வளவு குர்குமினாய்டு என்று தெளிவாக அச்சிட்ட வேறொரு குர்குமினை, நாளுக்கு 3 கிராம் கணக்கில், மெசலமைனை ஒரு வேளைகூடக் குறைக்காமல் தொடங்கினாள். இசப்பகோல் இரவில் போதிய தண்ணீரோடு தொடர்கிறது. நிலவேம்பையும் பாஸ்வெல்லியாவையும் எடுத்துவைத்துவிட்டோம். அவுரியைப் பற்றிக் கேட்டதற்கு, எக்கோ எடுத்துக் கண்காணிக்கும் ஏற்பாடு இல்லாமல் இப்போது வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தொடங்கிய நாளின் கால்ப்ரோடெக்டின் அளவையும் கல்லீரல் நொதிகளின் அளவையும் அவளுடைய நோட்டில் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். நான்காவது வாரக் கல்லீரல் பரிசோதனைக்கும் எட்டாவது வார மலப் பரிசோதனைக்கும் தேதி குறித்திருக்கிறோம். அந்த எட்டாவது வார எண் இறங்காவிட்டால், அவளுக்கு உடம்பு எவ்வளவு தேவலை என்று தோன்றினாலும், குர்குமினை நிறுத்திவிட்டு மருத்துவர் சொல்லும் அடுத்த மருந்துக்குப் போவது என்று அதே பக்கத்தின் அடியில் அவளே தன் கையால் எழுதிவைத்திருக்கிறாள்.